லாம்

பதினோராம் பிரிவில் நாலு இடத்தில் இருக்கிறது அது.
பாதுகாப்பு வலயம் பிரகடனப்படுத்தப்படலாம்.
கரையின் அரிப்பை ஆண்டுதோறும் அளவிடலாம்.
வீடிழந்தோருக்கு மாற்றுக் காணி வழங்கலாம்.
குழு ஆண்டுக்கு இரண்டு தடவை கூடலாம்.

ஒலுவில் ஜெஸீமாதான் முதலில் கண்டது.
தையல் மெஷின் மேலே சட்டமூலத்தை விரித்து
சட்டைத் துணியில் வெட்டுக்கோடு போடுகிறவள்
சோக்குக் கட்டியாலேயே நாலையும் வட்டமிட்டாள்.
"கலியாணத்துக்கு வரலாம் எண்டு சொல்லுற ஆக்களுக்கு
நாம சோறு ஆக்குறமாகா?"

மறுகா தொடங்கியது அலைச்சல்.
முதல்தரம் எம்.பி. கொழும்பில்.
இரண்டாம்தரம் ஊரில்தான்,
எங்கோ நாடா வெட்டப் போயிருந்தார்.
மூன்றாம்தரம் இணைப்பாளர் போனில் சொன்னார்:
ஏழு நிமிடம்.

நாலு லாமுக்கு நாலு பேர்.
திருக்கோவிலில் இருட்டோடு ஏறினோம்
நானும் கரைவலைப் பூபாலரெத்தினமும்.
அக்கரைப்பற்றில் லாபிர், இரண்டு சோடாப் போத்தலோடு.
ஒன்றில் கடல் தண்ணீர்,
மற்றதில் அவன் வயல் கிணற்றுத் தண்ணீர்.
எது எதென்று எம்.பி. குடித்துப் பார்த்துச் சொல்லட்டும்
என்பது அவன் திட்டம்.
பூபாலரெத்தினம் பேச்சைப் பாடமாக்கிக்கொண்டே வந்தார்.
நிந்தவூர் தாண்டும்போது
நாலாம் வசனம் கழன்று விழுந்துவிட்டது.

கல்முனையில், வாசலில்,
போத்தல் உள்ளே போகேலாது என்றான் காவலுக்கு நின்ற பொடியன்.
மூடி திறந்து இரண்டையும் மணந்தான்.
"இதுல எது கடல்?"
"அதான் தம்பி கேள்வி" என்றான் லாபிர்.
பொடியன் சிரிக்கவில்லை.
கதிரைக்குக் கீழே வைத்துக்கொண்டான்.

ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து,
அதில் நாற்பத்து மூன்று கைநாட்டு.
கட்டைக் கையில் வைத்து நிறுத்துப் பார்த்த இணைப்பாளர்
"எந்தெந்த வட்டாரம்?" என்று மட்டும் கேட்டார்.

நேரம் பார்ப்பது என் பொறுப்பு.
முதல் மூன்று நிமிடம் எம்.பி.யின் போனுக்குப் போனது.
நாலாவது, நெக்டோ ஊற்றியதில்.
ஐந்தாவதில் பூபாலரெத்தினம் எழும்பினார்,
பாடமாக்கியது எல்லாம் மறந்தவராக.
"ஐயா, என்ட வளவுக் கிணறு கடலுக்குள்ள நிக்குது.
கொட்டு மட்டுந்தான் வெளிய தெரியுது.
அதுல நீர்க்காகம் குந்தியிருக்கு."
இருந்துவிட்டார்.

மின்விசிறி சுற்றுகிற சத்தம்.
"சட்டத்த அங்க எழுதுறாங்க" என்றார் எம்.பி.,
"நான் என்ன செய்யிற?"
"ரெண்டெழுத்த எடுத்துட்டு நாலெழுத்துப் போடுங்க" என்றாள் ஜெஸீமா.
"லாமை எடுங்க. வேண்டும் எண்டு போடுங்க."

சிரித்தார். பிறகு கண்ணாடியைத் தேடினார்.
பேனை எழுதவில்லை. என் பென்சிலைக் கொடுத்தேன்.
ஓரத்தில் எழுதினார்: வேண்டும்.
ஒன்றுக்கு எழுதினார்.
மற்ற மூன்றுக்கும் எழுதுமுன் போன் அடித்தது.
பென்சில் திரும்பி வரவில்லை.

மாரி தொடங்கிய கிழமை
அச்சான சட்டம் வந்து சேர்ந்தது.
விரலால் தடவித் தடவி வாசித்தோம்.
பிரகடனப்படுத்தப்படலாம். அளவிடலாம். வழங்கலாம்.
கடைசியில்:
குழு ஆண்டுக்கு இரண்டு தடவை கூடுதல் வேண்டும்.

பூபாலரெத்தினம் சிரிக்கத் தொடங்கி
இருமலில் போய் முடித்தார்.
"தேத்தண்ணி குடிக்கிறது மட்டும் கட்டாயம் போல."
லாபிர் ஒன்றும் பேசவில்லை.
ஜெஸீமா கலண்டரை எடுத்து
குழு முதல் தடவை எப்போது கூட வேண்டி வரும் என்று
மாதங்களை எண்ணினாள்.
கூடினால் கதவு ஒன்று இருக்குமே,
கதவு இருந்தால் தட்டலாம்...
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கயிறு பிடித்து அளந்தோம்.
கரையிலிருந்து கிணற்றுக் கொட்டுக்கு இருபத்தொரு முழம்.
போன மாதம் பதினெட்டு.
யாரும் எங்களை அளக்கச் சொல்லவில்லை.

லாபிரின் போத்தல்கள்
அந்தக் கதிரைக்குக் கீழேதான் இன்னமும் கிடக்கும்.
துடைக்கிறவர்கள் இடம் மாற்றி வைத்திருப்பார்கள்.
இப்போது அவனுக்கே தெரியாது
எது எதென்று.